வாயடைத்த மூன்று

தொழிற்சாலையில் அவருக்கு நொட்டையார் என்று பெயர். டயர்களில் குறை கண்டுபிடிப்பதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தார். அவருக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிய அன்று டயர்களெல்லாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கும். மாட்டிக்கொண்டது அவர் மனைவி.

அவள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தைப்பவள். காலையில் பேப்பர் வந்ததும் நொட்டையார் அதில் வரும் சுடோகுவோடு சாப்பாட்டு மேஜையில் உட்காருவார். ஒன்பது வரிசை, ஒன்பது பத்தி. ஒன்று முதல் ஒன்பது வரை எந்த எண்ணும் ஒரே வரிசையிலோ பத்தியிலோ மூன்றுக்கு மூன்று சதுரத்திலோ இரண்டு முறை வரக்கூடாது. சில எண்களை அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள், மிச்சத்தை யோசித்து நிரப்ப வேண்டும். குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போடுவதும், மறுநாள் வரும் விடையை எட்டிப் பார்ப்பதும் அவருக்குக் கேவலம். அப்படியும் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவார். அதுதான் வினை. முடித்த கையோடு சட்டைப்பையில் ஸ்கேலைச் செருகிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிடுவார்.

“இங்க மடிப்பு ஒரு நூல் கூட இருக்கே.”

“கூட இருந்தா துணி அழுவுதா?”

“ரிஜெக்ட்,” என்று சொல்லி, பிளேடை எடுத்துப் பிரித்தே விடுவார்.

மற்ற நாளென்றால் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். இப்போது முடியாது. புதிதாகத் திறக்கப்போகிற லாட்ஜ் ஒன்று எல்லா அறைகளுக்கும் திரைச்சீலை கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி வரும். அதற்குள் கொடுத்துவிட்டால் இனி அவர்கள் தையல் முழுக்க அவளுக்குத்தான். கிழிசல் தைத்தும் பட்டன் வைத்துமே காலத்தை ஓட்டியவளுக்கு இது தானாக வந்த யோகம். அதை ஒரு நூல் கணக்கில் கோட்டைவிட அவள் தயாராக இல்லை.

போன மாதம் அச்சு கலங்கி ஒரு மூன்று எட்டாகத் தெரிந்த அன்று, மனிதர் மதியம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அது அவளுக்கு நினைவு வந்தது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பூனை மாதிரி வாசலுக்குப் போய்ப் பேப்பரை எடுத்தாள். துணியில் குறி போடும் கறுப்புப் பேனாவால் ஒரு மூன்றின் வாயை அடைத்தாள். மூன்று எட்டாகிவிட்டது. பேப்பரை மடித்துப் பழைய இடத்திலேயே போட்டாள்.

அன்று முழுக்க முன்னறைப் பக்கம் ஸ்கேல் வரவில்லை. புதன், வியாழன் காலையிலும் ஒரு மூன்றின் வாயை அடைத்தாள்; ஸ்கேல் வரவில்லை. மிஷின் கடகடவென்று ஓடியது. வியாழக்கிழமை மதியம் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

“மூளை மழுங்கிப் போச்சு போலிருக்கும்மா.”

அவளுக்குச் சுருக்கென்றது. தன் காரியத்துக்காகக் கட்டின புருஷனின் புத்தியிலா கை வைப்பது? வெள்ளிக்கிழமை காலை பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள். ஆர்டர் போனால் போகட்டும் என்று பேப்பரை அப்படியே போட்டுவிட்டு, ஸ்கேலை எதிர்பார்த்து மிஷினில் உட்கார்ந்தாள்.

காபி ஆறியிருக்கும். அவர் வரவில்லை. மதியம் வந்து சாப்பிட்டார். “இன்னைக்கு ரொம்பக் கஷ்டம்,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் பேப்பரிடமே போய்விட்டார். மாற்றாத கட்டத்தையே போட முடியவில்லையென்றால், ஐயோ, நிஜமாகவே மழுங்கிவிட்டதா? கடைசித் திரைச்சீலையைக் கண் கலங்கியபடியே தைத்து முடித்தாள்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கட்டங்கள் அத்தனையும் நிரம்பியிருந்தன. ஓர் இடத்தில்கூட அழித்த தடம் இல்லை. அவர் படக்கென்று உள்ளங்கையால் மூடினார்.

“எப்ப முடிச்சீங்க?”

“காபி ஆறுறதுக்குள்ள.”

“அப்புறம் பொழுதுக்கும் என்ன பண்ணீங்க?”

“உக்காந்திருந்தேன்.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. “எப்பலேருந்து தெரியும்?”

“செவ்வாய்க்கிழமையே. முதல்ல நிஜமாவே பயந்துட்டேன், புத்தி போயிடுச்சுன்னு. திரும்பத் திரும்பப் பார்த்தேன், நான் போட்டதுல தப்பில்ல. அப்ப அச்சடிச்சதுல ஏதோ ஒண்ணு பொய். ஒவ்வொண்ணா கழிச்சேன். அந்த எட்டுதான் மிஞ்சுச்சு. வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தா, உன் பேனா.”

“அப்பவே வந்து சண்டை போட்டிருக்கலாமே!”

“போடத்தான் எழுந்தேன். மிஷின் நிக்காம ஓடிட்டு இருந்துச்சு. நான் வீட்டோட வந்ததுலேருந்து அது அப்படி ஓடிக் கேட்டதே இல்ல. வெக்கமாப் போச்சு. திரும்ப உக்காந்துட்டேன்.”

“மூளை மழுங்கிப் போச்சுன்னது?”

“சும்மா உக்காந்திருக்க ஒரு சாக்கு வேணாமா?”

“பாவி மனுஷன்! அதை நம்பி நான் அழுதிருக்கேன்,” என்றாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குத் திரும்பினாள்.

அவர் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை. கண் மட்டும் கடைசித் திரைச்சீலையில் போய் ஒட்டிக்கொண்டது. கை சட்டைப்பையிலிருந்த ஸ்கேலைத் தொட்டுவிட்டு வெறுங்கையாகத் திரும்பியது.

“சொல்லித் தொலைங்க.”

“ஒண்ணுமில்ல.”

“மூஞ்சியே சொல்லுதே.”

“கீழ் மடிப்பு... கொஞ்சம் கோணல்.”

அவள் விரித்துப் பார்த்தாள். கொஞ்சமா? ஓரம் முழுக்கக் கோணல். அப்படியே போயிருந்தால் லாட்ஜ்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் பிளேடை எடுத்து அவரிடம் நீட்டினாள். மிஷின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டாள்.

“பிரிங்க. இதை மட்டும். மத்ததுல கை வெச்சீங்க, நாளைக்கு எல்லா மூணையும் எட்டாக்கிடுவேன்.”

நொட்டையார் ஸ்கேலை உருவிக்கொண்டு உள்ளே வந்தார்.