பதிமூன்றாவது வரி

எஃப் ஏழு விசையை அழுத்திவிட்டு அவள் காத்திருந்தாள். திரையின் அடியில் பச்சை எழுத்தில் ‘முடிந்தது’ என்று வந்தது. வலது பக்கம் அச்சுப் பக்கம் திறந்தது. கழித்தல் குறி இருக்கவேண்டிய இடத்தில் பழைய கூட்டல் குறியே சட்டமாக உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து அறுபது தடவையாவது அழுத்தியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் முடிந்தது என்கிறது, நேற்றைய பக்கத்தையே காட்டுகிறது.

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று திரையிடமே கேட்டாள்.

பாடப்புத்தகங்களைப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனி அது. எடிட்டரில் வெறும் குறியீடுகளாக அடிப்பார்கள். எடிட்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ப்ளகின் என்ற சின்ன நிரல் அவற்றை அச்சுக்குப் போகிற பக்கமாக மாற்றித் தரும். இன்று அது நாற்பது மிஷின்களிலும் படுத்துவிட்டது. தலைமை அலுவலகத்துக்குப் புகார் போனது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. மற்றவர்களுக்கு நாளை மாலை வரை கெடு இருந்ததால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அத்தியாயம் மட்டும் இன்று மூன்று மணிக்குள் ஏற வேண்டும்.

அவளைக் கணக்கு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறியவள் தலையில் கம்பெனி கணக்குப் புத்தகங்களாகவே கட்டிவிட்டதில் வந்த பெயர் அது. கெடு தவறியதற்காக அவள் பெயருக்கு எதிரே ஏற்கெனவே இரண்டு சிவப்பு மார்க் இருந்தன. ஒன்று மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்று. இன்னொன்று, வேன் ஓட்டும் வீட்டுக்காரர் காலை உடைத்துக்கொண்ட அன்று. மூன்றாவது விழுந்தால் மறுநாள் வாசல் கதவு அவள் அட்டைக்குத் திறக்காது.

மேனேஜரிடம் போய் நின்றாள்.

"ப்ளகின் ஓடல சார். கெடுவை நாளைக்குத் தள்ளித் தாங்க."

"நானா மார்க் போடுறேன்? மூணு மணிக்கு சிஸ்டம் தானா பூட்டிக்கும், தானா போட்டுடும்."

"மூணாவது மார்க் சார்."

"தெரியும்மா. அதான் சொல்றேன், நின்னுட்டிருக்காம ஏதாவது பண்ணுங்க."

மணி ஒன்றே முக்கால். மாடிப்படியில் போய் நின்று வைத்தியருக்குப் போன் போட்டாள்.

அந்த ப்ளகினை அமைத்து, எட்டு வருஷம் அதற்கு நோய் நொடி பார்த்ததில் வைத்தியர் என்று பெயர் வாங்கியவர் அவர். ‘எல்லாம்தான் தானா ஓடுதே, தனியா ஒரு ஆள் எதுக்கு?’ என்று மூன்று வாரத்துக்கு முன்னால் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

"கணக்கா? என்னம்மா, மொத்தமா படுத்துருச்சாமே?" குரல் துள்ளியது. "என் அக்கவுண்ட்டை நேத்து அழிச்சிருக்காங்க. ப்ளகின் தேடுற, பக்கத்த மாத்தித் தர்ற இன்ஜினே அதுக்குள்ளதான் இருந்துச்சு. ஆளோட சேத்து இன்ஜினையும் தூக்கிக் குப்பையில போட்டாச்சு! காலையிலயே மேனேஜர் கூப்பிட்டாரு. நாலு மணிக்கு வாங்க, திரும்ப சேர்றதப் பத்திப் பேசலாம்னாரு. உங்க அண்ணி சட்டைய தேச்சுட்டிருக்கா."

"அண்ணே..." அவளுக்குக் கேட்கவே நாக்கு கூசியது. "எனக்கு மூணு மணிக்குக் கெடு. மூணாவது மார்க்."

அந்தப் பக்கம் யாரோ தட்டுமுட்டுச் சாமான்களை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"வீட்டுக்காரருக்குக் கட்டுப் பிரிச்சாச்சா?" என்றார் கடைசியில்.

"இன்னும் ஆறு வாரம்ங்கறாங்கண்ணே."

"சரி, போய் மிஷின்ல உக்காரு. உனக்கு மட்டும் பண்ணித் தர்றேன். நல்லா கேட்டுக்க தாயி, உனக்கு மட்டும். எல்லாருக்கும் ஓடிட்டா என்னை எதுக்குக் கூப்பிடப் போறாங்க?"

"சத்தியமாண்ணே. யாருக்கும் மூச்சு விடமாட்டேன்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் முதலில் இன்ஜின் இன்னும் எங்கேயாவது பிழைத்திருக்கிறதா என்று தேடச் சொன்னார். இரண்டு ஃபோல்டர் காலி. மூன்றாவதும் காலி. மணி இரண்டேகால் ஆனபோது, பொது டிரைவில் ‘பழையது’ என்ற ஃபோல்டருக்குள் அவர் எப்போதோ எடுத்துவைத்த நகல் கிடைத்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இருக்குண்ணே!"

"நான் வெச்சதுதானே, எங்க போகும்? இப்ப செட்டிங் ஃபைலைத் திற. அது பொதுவுல இருக்கறது, நாப்பது மிஷினும் அதத்தான் படிக்கும். அதனால அதுல ஸேவ் குடுத்துடாத. ‘ஸேவ் ஆஸ்’ போட்டு உன் ஃபோல்டர்ல வை. உன் மிஷின் உன்னோடத மட்டும் பாத்துக்கும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுண்ணே."

"பதிமூணாவது வரி. இன்ஜின் இருக்கற இடம்னு என் பேர் இருக்கும் பாரு. அதை அழிச்சிட்டு நான் சொல்றத அடி."

அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். அவள் எழுத்தெழுத்தாக அடித்தாள். கடைசி எழுத்தோடு மேற்கோள் குறியை மூடினாள். மூடிய கையோடு, இடது கைச் சுண்டுவிரலும் நடுவிரலும் தாமாகப் போய் ஸேவை அழுத்தின. மின்சாரம் போய் ஒரு நாள் உழைப்பைப் பறிகொடுத்தவர்கள் யாரும் ஒரு வரி முடிந்தால் ஸேவ் பண்ணாமல் இருக்கமாட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக அவள் விரல்கள் யாரையும் கேட்டு அதைச் செய்ததில்லை.

"அடிச்சிட்டியா? இப்ப ஸேவ் ஆஸ்..."

பக்கத்து சீட்டுக்காரி கூவினாள். "ஏய், எனக்குப் பக்கம் மாறிடுச்சு!" ஜன்னலோரம் ஒருவன் விசிலடித்தான். கை தட்டினார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

அவள் அவசரமாகப் போனின் வாயைப் பொத்தினாள். "டவர் இல்லண்ணே, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி அணைத்தாள். அந்த ஒரு வரியை மறுபடி கெடுத்துவிட்டால் போதும், எல்லாம் நின்றுவிடும். ஆனால் அவளுடைய நாற்பத்திரண்டு பக்கங்களும் ஓடி முடியக் கால் மணி நேரம் ஆகும். மணி இரண்டு நாற்பது. மகள், கட்டுப் போட்ட கால், திறக்காத கதவு, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. எஃப் ஏழு விசையை அழுத்தினாள். கூட்டல் குறி போய்க் கழித்தல் குறி வந்தது.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார்.

"ஹெட் ஆபீஸ்ல சரி பண்ணிட்டாங்களா? நான் காலையில சத்தம் போட்டேன்ல!"

"சார், வைத்தியரை வரச் சொன்னீங்களாமே?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"அதான் தானா ஓடுதே, இனி எதுக்கு? அவர் வந்து கேட்டா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு சொல்லுங்க" என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு ஐம்பத்தாறுக்கு அத்தியாயம் ஏறியது. மார்க் விழவில்லை. அவள் சோற்று டப்பாவைத் திறந்து, ஒரு வாய்கூட இறங்காமல் மூடினாள். அவரைக் கூப்பிட்டு ‘வராதீங்க’ என்று சொல்லிவிட நான்கு தடவை போனை எடுத்தாள். நான்கு தடவையும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கீழே வைத்தாள்.

மூன்றே முக்காலுக்கு அவரே கூப்பிட்டார்.

"உன் ஃபைல் போயிருச்சாம்மா?"

"போயிருச்சுண்ணே."

"அப்பாடா. நான் வாசல் கேட்டுக்கே வந்துட்டேன். சீக்கிரமே வந்துட்டேன் போல, மேனேஜர் வெளிய போயிருக்கார்ங்கறாங்க. மேல இன்னும் எதுவும் ஓடலையில்ல?"

அவள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். தேய்த்த வெள்ளைச் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டு, சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். அவளுக்குப் பின்னால் நாற்பது கீபோர்டுகளும் படபடத்துக்கொண்டிருந்தன.

"இல்லண்ணே" என்றாள். "ஓடல."

"அப்ப கூப்பிட்டுருவாங்க" என்றார்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு, மதிலோரம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இருந்த நிழலில் ஒதுங்கினார். ஒரு காலைத் தூக்கி, செருப்பின் தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு அடுத்த காலைத் தூக்கினார்.