முக்கால் அங்குலம் குறைந்த கை

லமான்ட் ஸ்டர்டிவன்ட் ஓர் ஆளை அடித்து வீழ்த்தியதை நான் முதன்முதலில் பார்த்த அன்று, விழுந்தவனின் ஹெல்மெட் கழன்று பறந்துபோய், மைதான ஓரத்தில் வாசித்துக்கொண்டிருந்த பாண்டுக்காரன் ஒருவனின் பெரிய குழல் வாய்க்குள் செருகிக்கொண்டது. அதன்பிறகும் குழல் ஒரு சுரம் ஊதியது. என் மனைவி இதை நம்புவதில்லை. ஹெல்மெட் கழன்றது வரைக்குமாவது நீங்கள் நம்புங்கள். விழுந்தவன் எழுந்து, பக்கம் தெரியாமல் எதிரணிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் மூன்று பேர்தான் முக்கியம். பந்தை எறிபவன் ஒருவன். அவன் எறிவதற்குள் பாய்ந்து அவனைத் தரையில் அறைபவன் ஒருவன். பாய்பவனை நடுவில் நின்று மறிக்கும் தடுப்பவன் ஒருவன். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள், ஓடட்டும். முப்பத்தொரு வருடம் ஒரு தொழில்முறை அணிக்காகக் கல்லூரி கல்லூரியாக அலைந்து, அணிகள் முறை வைத்துப் பையன்களைப் பொறுக்கும் ஏப்ரல் மாத டிராஃப்டில் எவனை எடுக்கலாம் என்று சொல்வது என் பிழைப்பு. பாய்பவர்களைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நல்லவன் கிடைத்தால் ஆட்டம் பார்க்கும்போதே நமக்கு விலா வலிக்கும்.

மிசிசிப்பி ஆற்றோரச் சின்னக் கல்லூரிப் பையன் ஸ்டர்டிவன்ட். அந்த வருடம் பதினான்கு தடவை எறிபவர்களைப் பிடித்திருந்தான். அவர்களில் மூவர் அதோடு வேறு படிப்புக்கு மாறிக்கொண்டார்கள். நான் அவனுக்கு என் நோட்டில் இருப்பதிலேயே பெரிய மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு, ஜனவரியில் அலபாமா கடற்கரைக்குப் போனேன். டிராஃப்டுக்கு வரும் பையன்களில் பொறுக்கியெடுத்த நூறு பேரை ஒரு வாரம் அங்கே மோதவிட்டுப் பார்ப்பார்கள்.

முதல் வேலை அளப்பது. ஹோட்டல் மண்டபத்தில் என்னைப் போல ஆள் பார்ப்பவர்கள் முந்நூறு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, பையன்கள் ஒவ்வொருவனாக ஜட்டியோடு மேடை ஏறுவான். ஒருவர் டேப் பிடிப்பார், ஒருவர் கத்துவார், முந்நூறு பேனா ஒரே நேரத்தில் கீறும்.

"ஸ்டர்டிவன்ட்! உயரம் ஆறடி மூணு! எடை இருநூத்தி அறுபத்தொண்ணு! கை முப்பத்திரண்டேகால்!"

எனக்கு முன் வரிசையில் இருந்த எங்கள் அணி மேனேஜர் ஹால் ரிங்வால்ட் மெதுவாகத் திரும்பினான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், சம்பளத்தில் பதினைந்து மடங்கு பெரியவன். அவனுக்கு ஒரு விதி உண்டு. பாய்பவனுக்குக் கை முப்பத்துமூன்று அங்குலம் இருக்கவேண்டும். கை நீளமாக இருப்பவன்தான் எதிராளியின் நெஞ்சில் முதலில் கை வைப்பான், முதலில் கை வைப்பவன்தான் ஜெயிப்பான் என்பது கணக்கு.

"மெர்ல், உன் ஆளோட மிச்சக் கை எங்கய்யா? பஸ்ஸுல விட்டுட்டு வந்துட்டானா?"

"அவன் அடிச்ச அடியைப் பாத்தியா ஹால்?"

"பாத்தேன். வாங்கினவனையும் பாத்தேன். நாளைக்குப் பல் டாக்டராகப் போற பொடியன். ஆளாய்யா அவன்?"

"அவனே இனிமே பல்லு கட்டிக்கணும், தெரியுமா?"

ஹால் சிரிக்கவில்லை. ஹோட்டலின் இரண்டாவது மாடியில் எங்களுக்கென்று ஓர் அறை. அதில் ஓர் இரும்புப் பலகை. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு காந்த அட்டை, அதில் அவன் அளவெல்லாம் எழுதியிருக்கும். எங்களுக்கு ஏப்ரலில் பத்தொன்பதாவதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. அந்த இடத்தில் ஹால் ஏற்கெனவே கோடி வாண்டர்ஸ்லூட் என்ற தடுப்பவனின் அட்டையை ஒட்டி வைத்திருந்தான். ஸ்டர்டிவன்டின் அட்டையை உருவி விரலில் சுழற்றினான்.

"மூணு நாள் பயிற்சி இருக்கு. வாண்டர்ஸ்லூட்டை உன் ஆள் ஒரே ஒரு தடவை சாய்க்கட்டும், இது பலகையில இருக்கும். இல்லேன்னா குப்பைக்கூடை."

மற்ற அணிகளும் அதே முப்பத்திரண்டேகாலைத்தான் எழுதியிருந்தன. எங்கள் பலகையிலிருந்தும் இறங்கினால் பையனுக்கு டிராஃப்ட் இல்லை. அவன் வளர்ந்த ஊரின் கெளுத்தி மீன் ஆலைதான். அது அவனுக்கும் தெரியும்.

வாண்டர்ஸ்லூட் நெப்ராஸ்காக்காரன். ஆறடி எட்டு அங்குலம். முந்நூற்று முப்பது பவுண்டு. அவன் நேராக நின்றால் பின்னால் நிற்கும் இரண்டு பேர் மழையில் நனையமாட்டார்கள். பயிற்சியில் இருவரை எதிரெதிரே குனிய வைப்பார்கள். ஐந்து தப்படி தள்ளி, எறிபவனுக்குப் பதிலாகச் சிவப்பு ரப்பர் பொம்மை ஒன்று நிற்கும். விசில் ஊதினால் மூன்று விநாடிக்குள் பாய்பவன் பொம்மையைத் தொடவேண்டும். சுற்றி நின்று எல்லாரும் ஊளையிடுவார்கள்.

முதல் நாள் ஸ்டர்டிவன்ட் குனிந்தான். வாண்டர்ஸ்லூட் மேலிருந்து அவனைப் பார்த்தான்.

"டேய் குட்டைக்கை! மூக்கு அரிச்சா என்னடா பண்ணுவே? பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவியா?"

விசில். ஸ்டர்டிவன்ட் வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடினான். கை குட்டை என்று தெரிந்ததும் பயிற்சியாளர் டாக்கெட் அப்படித்தான் ஓடச் சொல்லியிருந்தார். வாண்டர்ஸ்லூட் இரண்டு எட்டு பக்கவாட்டில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அவன் விலாவில் ஒரு குத்து விட்டான். கதவை உதைத்த மாதிரி சத்தம். பையன் தரையைவிட்டு எழும்பி, நான் பார்த்தவரை கொஞ்சநேரம் மேலேயே தங்கியிருந்து, பிறகு முகம் குப்புற விழுந்தான். அவன் மேல் வாண்டர்ஸ்லூட் விழுந்தான். அப்படி விழத் தேவையே இல்லை. எழுந்தபோது ஸ்டர்டிவன்டின் ஹெல்மெட் கம்பிகளில் ஒரு வேலி அளவுக்குப் புல் மாட்டியிருந்தது. மூக்கிலிருந்து ரத்தம் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சியது.

"இன்னொரு தடவை," என்றான்.

அது அங்கே வழக்கம். தோற்றவன் இன்னொரு தடவை கேட்கலாம். ஜெயித்தவன் மறுத்துவிட்டு வரிசையின் பின்னால் போய் நின்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஜெயம் அவனுடையது. வாண்டர்ஸ்லூட் மறுக்கவில்லை, அவனுக்கு அது விருந்து. அன்று நான்கு தடவை, மறுநாள் ஏழு தடவை பையனை நட்டு வைத்தான். ஒரு தடவை தாடை கிழிந்தது. டாக்டர் ஆறு தையல் போடும்போது, "சீக்கிரம் சார், வரிசை நகருது," என்று பையன் அவரை விரட்டினான். நூலின் நுனியை வெட்டுவதற்குள் எழுந்து ஓடிவிட்டான். டாக்டர் கத்தரிக்கோலோடு பின்னால் ஓடினார்.

ஹால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "உன் ஆள் நல்லா விழறான் மெர்ல்," என்றான்.

இரண்டாம் நாள் பயிற்சி முடிந்து பையன் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து கையுறையை உருவியபோதுதான் நான் பார்த்தேன். வலதுகை நடுவிரல் பாதியில் நின்றிருந்தது. மேல் கணு இல்லை.

"விரல் எங்கப்பா?"

"மீன் ஆலையில சார். தலை வெட்டுற ரம்பத்துல. பதினேழு வயசுல போச்சு."

"அளக்கும்போது சொன்னியா?"

"அவங்க கேக்கலியே. கையை நீட்டுன்னாங்க, நீட்டினேன்."

தோள் எலும்பிலிருந்து வலதுகை நடுவிரல் நுனி வரை டேப் பிடிப்பதுதான் எங்கள் முறை. நுனி இருக்கிறதா என்று பார்ப்பது முறையில் இல்லை. முந்நூறு பேர் உட்கார்ந்து முப்பத்திரண்டேகால் என்று எழுதினோம். ஒரு குதிரையின் பல்லைப் பத்தடி தூரத்திலிருந்து எண்ணிவிடுவேன் என்று பீற்றிக்கொள்ளும் நானும் எழுதினேன். விரலைச் சேர்த்தால் பையன் கை முப்பத்துமூன்றேகால். உள்ளங்கை இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது.

பொரித்த கெளுத்தியும் சோள ரொட்டியும் தின்றுகொண்டிருந்த ஹாலிடம் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சொன்னேன்.

"விதி விரல் நுனி வரைக்கும்யா. நுனி இல்லேன்னா நான் என்ன பண்ண? இந்தத் தட்டுல தேடவா?"

"நெஞ்சுல குத்துறது விரல் இல்ல ஹால். உள்ளங்கை."

"எறியுறவன் சட்டையைப் பிடிக்கிறது விரல்தானே? போய்யா. நாளைக்கு ஒரு நாள் பாக்கி இருக்கு."

மூன்றாம் நாள் மழை. மைதானம் கஞ்சியாகிவிட்டது. மீன் ஆலைக்கும் டிராஃப்டுக்கும் நடுவில் பையனுக்கு மிச்சம் இருந்தது ஒரு மணி நேரம். வாண்டர்ஸ்லூட் சேற்றில் காலை ஊன்றி, "வாடா, இன்னைக்குப் படுக்க மெத்தை போட்டிருக்காங்க," என்றான்.

ஸ்டர்டிவன்ட் குனிந்தான். டாக்கெட் வெளிப்பக்கம் கையைக் காட்டினார். பையன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

விசில். நேராகப் போனான். வலதுகையை முழுதாக நீட்டி, உள்ளங்கையால் வாண்டர்ஸ்லூட்டின் கழுத்தெலும்புக்குக் கீழே ஒரே இடி. மழை இரண்டு விநாடி நின்றது என்று சத்தியம் செய்வேன். அந்தப் பெரிய உடம்பின் தலை பின்னால் மடங்கியது, கைகள் காற்றைப் பிடித்தன, குதிகால்கள் சேற்றில் இரண்டு வாய்க்கால் வெட்டிக்கொண்டே பின்னால் போயின. ஸ்டர்டிவன்ட் கையை எடுக்காமல் அவனைத் தள்ளிக்கொண்டே போய்ப் பொம்மையின் மேல் சாய்த்தான். பொம்மை வெடித்தது.

ஊளையில் என் காது அடைத்தது. நான் மென்றுகொண்டிருந்த புகையிலையை விழுங்கிவிட்டேன்.

"ஒரு தடவை!" என்று ஹாலின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "சொன்னியா இல்லையா?"

"வழுக்கிடுச்சுய்யா. மழை."

எங்களைத் தள்ளி நிறுத்தக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டர்டிவன்டுக்கு அது கேட்டது. வாண்டர்ஸ்லூட் எழுந்தான். வாயைக் கொப்பளித்துத் துப்பினான். சேறும் ஒரு பல்லும் விழுந்தன.

"இன்னொரு தடவை!" என்றான். இந்தமுறை கேட்டது அவன்.

பையன் மறுக்கலாம். ஒரு தடவை என்பதுதான் பேச்சு, வழுக்கியது என்று ஹால் எத்தனை நாள்தான் சாதிப்பான்? தோற்றால் எல்லாம் போச்சு. போ, போய் வரிசையில் நில் என்று எனக்குத் தொண்டைவரை வந்தது. ஆனால் ஆள் பார்ப்பவன் வாய் திறக்கக்கூடாது. திறந்தாலும் புகையிலைதான் வந்திருக்கும்.

"வழுக்கிச்சுன்னு அந்த சார் சொல்றாரு," என்றான் ஸ்டர்டிவன்ட். "நல்லா காலை ஊனிக்க. வரேன்."

இரண்டாவதில் வாண்டர்ஸ்லூட் காத்திருக்கவில்லை. அவனே முன்னால் பாய்ந்து பையனின் இடதுதோளைப் பிடித்து முறுக்கிக் கீழே அழுத்தினான். டொப்பென்று ஒரு சத்தம். தோள் கழன்று, இடதுகை ஈரத் துண்டு மாதிரி தொங்கியது. டாக்கெட் விசிலை வாயில் வைத்தார், ஊத மறந்தார். ஸ்டர்டிவன்ட் அந்தத் தொங்கும் கையை அப்படியே விட்டுவிட்டு, வலதுகையைக் கீழிருந்து மேலாக வாண்டர்ஸ்லூட்டின் விலாவுக்குள் செலுத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஏதோ முறிவது கயிற்றோரம் நின்ற எங்களுக்கே கேட்டது. வாண்டர்ஸ்லூட் முழங்காலில் விழுந்தான், பிறகு பக்கவாட்டில் விழுந்தான், அந்த அதிர்ச்சியில் என் தொப்பி விழுந்தது. பையன் அவனைத் தாண்டிப் போய், புதிதாக நட்டு வைத்திருந்த பொம்மையை, பிடிக்கக் கை போதாமல், தலையாலேயே முட்டிச் சாய்த்தான். சாய்ந்த பிறகும் முட்டினான்.

வாண்டர்ஸ்லூட் சேற்றில் கிடந்தபடி ஒரு விரலைத் தூக்கி, "இன்னொரு..." என்றான். மீதிக்கு மூச்சு இல்லை.

"எந்திரிடா," என்றான் ஸ்டர்டிவன்ட். "நிக்கிறேன்."

நின்றான். டாக்டர் வந்து தோளை மூட்டுக்குள் தள்ளும்போதும் நின்றுகொண்டே இருந்தான், கண்ணை வாண்டர்ஸ்லூட்டின் மேலிருந்து எடுக்காமல். நால்வர் சேர்ந்து அந்த மலையைத் தூக்கு கட்டிலில் ஏற்றினார்கள். இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டார்கள் என்று நான் வெளியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று மதியம் இரண்டாவது மாடி அறைக்குப் போனேன். ஹால் தனியாகப் பலகை முன்னால் நின்றிருந்தான். கையில் டாக்டரின் தாள்.

"மூணு விலா," என்றான். "ஆறு வாரத்துல கூடிடும். உன் ஆளுக்குத் தோள் எட்டு வாரம்."

"அப்ப அட்டை?"

ஹால் கழுத்தெலும்புக்குக் கீழே தன்னையே தடவிப் பார்த்துக்கொண்டான்.

"இவனை நாம எடுக்கலேன்னா வேற எவனாவது எடுத்துருவான் மெர்ல். அதுவும் நம்ம பக்கத்து ஊர்க்காரனுங்க எடுத்தா வருஷத்துக்கு ரெண்டு தடவை நம்ம எறியுறவன் முன்னாடி வந்து குனிவான். நம்ம எறியுறவனுக்கு ரெண்டு சின்னக் குழந்தைங்க இருக்கு."

"மத்தவங்களும் முப்பத்திரண்டேகால்னுதானே எழுதியிருக்காங்க?"

"அந்தக் கயித்தோரம் எத்தனை பேரு நின்னான் பாத்தியா? எல்லாரும் இப்ப ரூம்ல உக்காந்து பழைய நம்பரை அடிச்சுட்டுத் திருத்தி எழுதிட்டிருப்பானுங்க."

வாண்டர்ஸ்லூட்டின் அட்டையைப் பிடுங்கிக் கீழே எங்கோ ஒட்டினான். ஸ்டர்டிவன்டின் அட்டையைப் பத்தொன்பதாவது இடத்தில் வைத்து, விழாதபடி இரண்டு கையாலும் அழுத்தினான்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "கை குட்டைன்னியே ஹால்?"

"எந்தக் கை?"

சொல்லிவிட்டு, அட்டையில் எழுதியிருந்த முப்பத்திரண்டேகாலைக் கட்டைவிரலால் தேய்த்தான். மை முழுதாகப் போகவில்லை. எச்சில் தொட்டுக்கொண்டு மறுபடி தேய்த்தான்.