ஒரு எழுத்தும் மாற்றாமல்

பால் சேகரிக்கும் நிலையங்களுக்கு மென்பொருள் செய்யும் அந்த பிஷ்கேக் நகரத்துக் கம்பெனியின் உதவிக் குறிப்பு இணையதளம் முழுக்க ஜிபார் எழுதியது. ஆனால் அந்தப் பிரிவுக்குத் தலைவராகப் பதவி உயர்ந்தவன் இரிஸ்பெக். அதற்கான விருந்தில் எல்லோர் முன்னாலும் கோப்பையை உயர்த்தி, "தளம் பூரா நான் எழுதினது. ஜிபாரு எழுத்துப்பிழை பாத்துக் குடுத்துச்சு" என்றான். ஜிபார் தட்டிலிருந்த இறைச்சியைத் தொடவில்லை.

நாரின் வட்டாரப் பால் கூட்டுறவுக்காரர்கள் மென்பொருளைப் பார்க்க வருவதாக இருந்தது. பால் தொட்டி கழுவுவது பற்றி இரிஸ்பெக் தானே ஒரு பக்கம் எழுதி அனுப்பினான்.

"ஒரு எழுத்தக்கூட மாத்தக் கூடாது. இடப்பக்கப் பட்டியல்ல மொதல்ல இருக்கணும். எம் பேரும் போடு."

"சரி பைகே" என்றாள். அங்கே மூத்த ஆண்களை அண்ணன் என்பதுபோல அப்படித்தான் அழைப்பார்கள்.

படித்ததுமே ஜிபாருக்குத் தெரிந்துவிட்டது. கழுவும் படிகளின் வரிசை தலைகீழாக இருந்தது. முன்பெல்லாம் சத்தமில்லாமல் திருத்திவிடுவாள். இந்த முறை அப்படியே பக்கத்தை ஏற்றினாள். பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே அதன் தலைப்பைச் சேர்த்தாள். அடியில் அவன் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டாள்.

கூட்டத்தில் கூட்டுறவின் தலைவி சாய்ரா திரையில் முதல் தலைப்பைத் தட்டி உரக்கப் படித்தாள்.

"சோப்பு நீரை விடவும். பிறகு பாலை வெளியேற்றவும்." நிமிர்ந்தாள். "பாலோட சேத்தா கழுவணும், தம்பி? எங்க மாட்டுக்கே இதவிட புத்தி இருக்கு."

அறை சிரிப்பில் அதிர்ந்தது.

"ஜிபாரு தப்பா ஏத்திட்டா" என்றான் இரிஸ்பெக்.

"எழுத்துப்பிழை மட்டுந்தான் பைகே நான் பாப்பேன். இதுல எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லியே."

கூட்டத்தில் இருந்த கம்பெனி இயக்குநர் மற்ற பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாம் சுத்தமாக இருந்தன. "இதையும் அதையும் எழுதினது ஒரே ஆளாய்யா?" என்று கேட்டார். குளிர்காலம் முழுக்க நாரின் நிலையங்களில் நின்று வேலை கற்றுக்கொண்டு வரும்படி இரிஸ்பெக்குக்கு அங்கேயே உத்தரவானது. தளம் ஜிபார் பொறுப்புக்கு வந்தது.

வெளியே வந்ததும் அவன் அவளை மறித்தான். "பாத்தப்பவே தெரிஞ்சிருக்குமே, ஏன் சொல்லல?"

"தெரிஞ்சுது."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன பைகே. பட்டியல்ல மேல வச்சேன்."

நாற்காலிக்குத் திரும்பி, யாரும் நிஜமாகவே பாலில் சோப்பைக் கரைத்துவிடாதபடி அந்தப் பக்கத்தைச் சரிசெய்தாள். பிறகு கீழே கடைக்குப் போய் ஒரு தட்டு லக்மான் நூடுல்ஸ் வாங்கி, தீர்ந்ததும் இன்னொரு தட்டு கேட்டாள்.