பத்து வோல்ட்

பேருந்து நின்று இரண்டு மணி நேரமாகியும் நகர்கிற பாடில்லை. நெடுஞ்சாலையில் விவசாயிகள் டிராக்டர்களைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். நில்டாவின் மடியில் ஒரு கனத்த பெட்டி. அதற்குள் பிசகாத பத்து வோல்ட் தரும் கருவி. கோர்தோபா நகரின் ஆலைகளில் உள்ள மீட்டர்கள் சரியா தப்பா என்று சொல்வது அதுதான். அதையே சரிபார்க்க இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புவனோஸ் ஐரெஸுக்குக் கொண்டுபோக வேண்டும், வழியில் அணையவிடாமல். ஒருமுறை மின்சாரம் அறுந்தால் அதன் பச்சை விளக்கு போய்விடும், தானாகத் திரும்பாது. பதினோரு வருடம் அவள் எழுதிவைத்த அளவுகள் அத்தனையும் ஆற்றில் கரைத்த புளிதான்.

பத்து மணி நேரம் தாங்க வேண்டிய பேட்டரி ஐந்திலேயே சிணுங்கத் தொடங்கிவிட்டது. ஊர் மீட்டரையெல்லாம் சோதிப்பவள் தன் பேட்டரியைச் சோதிக்காமல் கிளம்பியிருந்தாள். பேருந்தில் பிளக் பாயிண்ட் செத்துக் கிடந்தது. சாலையோரச் சிற்றூரோ கடைக்கதவுகளை அடைத்துவிட்டு மதியத் தூக்கத்தில் இருந்தது. அங்கே அவளுக்குத் தெரிந்த வீடு ஒன்றுதான். கிளம்பும்போது ஹாரன் அடிப்பதாக ஓட்டுநர் சொன்னார். பெட்டியை அணைத்துக்கொண்டு வெயிலில் நடந்தாள்.

அக்கா எல்விரா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"ஒம்பது வருஷம் கழிச்சு வந்திருக்கே. யாரு செத்தா?"

"கரண்ட் வேணும்க்கா."

எல்விரா பெட்டியைப் பார்த்தாள். "அப்பாவ எடுக்கறப்போ நீ காவல் காத்தது இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான்."

அந்த வாரம் அவளுடைய ஆய்வகத்தில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. பெட்டியை ஒப்படைத்துவிட்டு வர வேறு ஆளில்லை. இன்றும் இல்லை. நில்டா பெட்டியை அக்காவின் பக்கம் திருப்பிக் காட்டினாள். விளக்கு மங்கத் தொடங்கியிருந்தது. எல்விரா சமையலறைக்குப் போய் பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"பால் கெட்டா நீதான் வாங்கித் தரணும்."

சொருகியதும் பச்சை நிலைத்தது. எல்விரா மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றி, ஒரே குடுவையில் தான் ஒரு முறை, தங்கை ஒரு முறை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தாள்.

"இதோட அளவு அசையவே அசையாதா?"

"அசையும்க்கா. வருஷத்துக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும், அவ்வளவுதான்."

தன்னை அப்படித் தெரிந்துவைத்திருக்க உலகத்தில் ஒருவரும் இல்லை என்று நில்டாவுக்குப் பட்டது.

வெளியே ஹாரன் கேட்டது. மாத்தே போதும் என்றால் குடுவையைத் திருப்பித் தரும்போது நன்றி சொல்ல வேண்டும். சொன்னால் அதோடு முடிந்தது. நில்டா கடைசிவரை உறிஞ்சிவிட்டு, நன்றி சொல்லாமல் குடுவையை நீட்டினாள். எல்விரா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள்.

ஹாரன் மறுபடி அடித்து ஓய்ந்தது. பிரிட்ஜின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, இருவர் கால்களையும் நோக்கித் தரையில் மெல்ல வந்துகொண்டிருந்தது.