பதநீர் வந்து சேரும் வழி

சூசைராஜுக்கு எதையும் எழுதிப் பார்க்காமல் முடிவு செய்ய வராது. எழுதிப் பார்த்த பிறகும் வராது. இலுப்பூரில் மாலை வகுப்புக்குப் போய்க் கணக்குப் பதிவு படிக்கத் தொடங்கியதிலிருந்து இந்தக் குணம் முற்றிப்போயிருந்தது.

மதுவிலக்கு வந்த பிறகு, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குவதற்குக்கூட லைசென்ஸ் வேண்டும். எப்படியோ அதை வாங்கிவிட்டான். பதநீரைப் பாகாகக் காய்ச்சி டின்னில் அடைத்து இலுப்பூர்க் கடைகளுக்குப் போடுவதாகத் திட்டம். அடுப்பும் கொட்டகையும் எங்கே போடுவது என்பதில்தான் மாசி மாதம் முழுக்கக் கழிந்துகொண்டிருந்தது. பனைகள் நின்ற கண்மாய்க் கரையிலேயே போடலாமென்றால் அது புறம்போக்கு. பட்டா நிலம்தான் வேண்டும் என்று லைசென்ஸ் ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

பனையேறும் ராக்கன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வாசலில் வந்து நின்றான்.

“தம்பி, பங்குனி பொறந்தா அத்தனை மரமும் பாளை சீவணும். அடுப்பு எங்கிட்டுன்னு சொல்லிப்புடுங்க. இல்லாட்டி மணமேல்குடிப் பக்கம் கூப்புடுறாக, நான் போயிருவேன்.”

“யோசிச்சுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்.”

“நீங்க யோசிங்க. பாளை யோசிக்காது.”

இந்த ஊரில் ராக்கனை விட்டால் பனையேற ஆள் கிடையாது. அவன் போனால் லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டியதுதான்.

அப்போதுதான் சூசைராஜுக்குப் பரீட்சித்துப் பார்க்கும் எண்ணம் வந்தது. முந்திக்கொண்டு பாளைவிட்ட சில மரங்களின் பதநீரை ஒவ்வோர் இடத்துக்கும் ஒருநாள் சுமந்துபோய்ப் பார்ப்பது. புளிக்காமல் வந்து சேருகிறதா என்று தெரிந்துவிடும். எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்கக் கோடு கிழித்த மூங்கில் குச்சி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பானை சுமந்த ராக்கனுக்குப் பின்னால் நடந்தான்.

முதல் நாள், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த சிநேகிதனின் கொல்லை. கொல்லை வரைக்கும் போக வாய்க்கவில்லை. காலை பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து ராக்கன் முன்னால் நின்றார். ராக்கன் பானையை இறக்கி, பனையோலையைத் தொன்னைபோலப் பட்டையாக மடித்து ஊற்றினான். பட்டையோடு வந்து நிற்கிறவனுக்கு இல்லையென்றால் மறுநாள் மரம் சுரக்காது என்பது அவன் நம்பிக்கை. அதில் கண்டக்டர், பயணி என்ற பேதமெல்லாம் இல்லை. டிரைவர் குடிக்கும்வரை பஸ் காத்திருந்தது. கடைசியில் குச்சியை விட்டுப் பார்த்தபோது அதன் நுனி மட்டும் நனைந்தது.

“புளிக்கலையே,” என்றான் ராக்கன்.

மறுநாள், சூசைராஜின் சொந்த வீட்டுக் கொல்லை. அதற்கு மாதா கோயில் தெரு வழியாகத்தான் வர வேண்டும். தவக்காலம், பூசை முடிந்து ஒருசந்தி இருக்கிற கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. வெறும் வயிறோடு இருப்பவர்கள் தொடமாட்டார்கள் என்று சூசைராஜ் தைரியமாக நடந்தான். உபதேசியார் பானையை எட்டிப் பார்த்தார்.

“மரத்துலேர்ந்து நேரா வாரதா?”

“ஆமாங்கய்யா.”

“அப்ப இது சாப்பாட்டுல சேராது,” என்று தீர்ப்புச் சொல்லிப் பட்டைக்குக் கை நீட்டினார். தீர்ப்பு தெருக்கோடி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் இரண்டாவது பட்டையும் குடித்தார்.

அன்றிரவு சூசைராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ஞானமணி சொன்னாள்: “எங்கம்மா வீட்டுச் சந்து வழியா ஒரு நடை போய்ப் பாருங்களேன். கொல்லையும் பெருசு, பட்டாவும் இருக்கு.”

“அங்கிட்டு அடுப்பைப் போட்டா ஊரே வீட்டோட மாப்பிள்ளைம்பான்.”

“இப்ப மட்டும் மகாராசான்னா சொல்றாக?”

ஞானமணி ஒரே மகள். கல்யாணப் பந்தலிலேயே ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து விசேஷ நாள் தவிர மாமியார் வாசலை அவன் மிதித்ததில்லை. ஆனாலும் மூன்றாவது வழியைப் பரீட்சிக்காமல் விட்டால் பரீட்சை முழுமையாகாதே என்ற உறுத்தல் அவனைத் தூங்க விடவில்லை.

காலையில் ராக்கன் பானையோடு அந்தச் சந்துக்குள் திரும்பினான். பின்னாலேயே பட்டையும் கையுமாக வந்த ஒருவர் சந்து முனை வரை வந்தார். எந்தச் சந்து என்று பார்த்தார். ஏதோ மறந்துவிட்டவர்போலத் திரும்பிப் போனார். இன்னொருவர் பாதி தூரம் வந்துவிட்டார். உள்ளேயிருந்து மாமியார் சவேரியம்மாளின் குரல் வந்தது.

“யாரது, அந்தோணியா? சல்லடை கொண்டாந்திருக்கியா?”

அந்தோணியின் காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. உலக்கை, ஏணி, இட்டிலிச் சட்டி என்று அந்த அம்மாளிடம் ஏதாவது இரவல் வாங்காத வீடு ஊரில் இல்லை. திருப்பிக் கொடுத்த வீடும் இல்லை. அதனால் அந்தச் சந்தில் காக்கை மட்டும்தான் நடமாடும்.

சூசைராஜ் குச்சியை விட்டுப் பார்த்தான். மேல் கோடு வரைக்கும் நனைந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் விட்டுப் பார்த்தான்.

“போதும் தம்பி, பானைக்கு வலிக்கப்போவுது,” என்றான் ராக்கன். “இங்கிட்டா, மணமேல்குடியா? இப்பச் சொல்லுங்க.”

சவேரியம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் ஒதுங்கி நின்றாள். மருமகனோடு நேரே பேசும் வழக்கமில்லை. முளையில் கட்டியிருந்த கிடாயைப் பார்த்துக் கேட்டாள்.

“வந்தவுக எதுக்கு வந்துருக்காகளாம்?”

சூசைராஜும் கிடாயைப் பார்த்தான். அது தழையை மென்றது. மாலை வகுப்பில் இதற்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

“பாகு காய்ச்ச… ஒரு அடுப்புப் போட இடம் வேணும்.”

“போட்டுக்கிடட்டும். புகை வீட்டுக்குள்ள வரப்படாது.”

“காத்து கொல்லைப் பக்கந்தான் அடிக்குது, புகை அங்கிட்டுப் போயிரும்,” என்று கிடாய்க்கு உறுதியளித்தான். பிறகு, சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும் என்று தோன்றவே, சேர்த்தான்: “அடுப்பு இங்க இருக்கும். நான் இங்க வந்து தங்குறதாயில்லை. அதை முன்கூட்டியே தெளிவாச் சொல்லிப்புடணும்னு…”



“இங்க யாரு தங்கச் சொன்னா?” என்றாள் சவேரியம்மாள் கிடாயிடம். “காய்ச்சுனமா, பொழுது சாய வீட்டைப் பாத்துப் போனமான்னு இருக்கணும். கட்டிப்போட்டுத் தழை போட எனக்கு ஒரு கிடா போதும்.”

ராக்கன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு மரத்தைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டான். சந்து முனையில் அவன் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. பாளை சீவும் அரிவாளைத் தீட்டத் தன் வீட்டுக்குத்தான் போகிறான், மணமேல்குடிக்கு இல்லை.

சூசைராஜ் அடுப்புக்கு மண் வெட்ட ஆரம்பித்தான். நினைத்தது நடந்துவிட்டது; மானமும் போகவில்லை. ஆனால் இரண்டு கூடை மண் வெட்டுவதற்குள் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அந்த அம்மாள் ஒரு பேச்சுக்காவது தங்கச் சொல்லியிருக்கலாமோ என்று.