கொடி நிறையச் சட்டை

"அம்புட்டையுமா தூக்கிக் குடுத்துட்ட? பெருநாளைக்கு எடுத்த பச்சைச் சட்டையுமா?"

சபியாவின் குரல் காஜிமார் தெருவின் அந்தக் கோடிவரை கேட்டது. மகன் தவ்பீக்கும் சளைக்கவில்லை.

"போடாத சட்டைய பீரோவுல அடுக்கி என்னம்மா செய்ய? இந்த நாலும் நல்ல காட்டன். எனக்குப் பிடிச்சது, உடம்புக்கும் இதமா இருக்கு. போதும்."

"பெல்ட்டெல்லாம் எங்கடா?"

"ஒண்ணு இருக்கு. இருக்குறது ஒரு இடுப்புதானம்மா."

அத்தா அப்துல் வஹீது பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். இரும்புக்கடையில் ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர், வீட்டில் சண்டை வந்தால் மட்டும் தலையங்கம் வாசிப்பார்.

சபியாவுக்குச் சட்டை போன வருத்தம் கால்வாசிதான். மீதியெல்லாம் ஷைமாவைப் பற்றிய பயம். இரண்டு சம்பந்தம் தட்டிப்போன பிறகு, இந்தப் பெண்ணைத்தான் மகனுக்குப் பேசி, நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற மட்டும் கொண்டுவந்திருந்தாள். ஷைமாவின் சாச்சி, அதாவது சின்னம்மா, மைமூன் பின்வீட்டுக்காரி. அவள் மாடியில் நின்றால் சபியா வீட்டுத் துணிக்கொடி முழுசாகத் தெரியும். தெரிவதைப் பார்க்காமல் விடுகிற பழக்கம் மைமூனுக்குக் கிடையாது.

மாதம் திரும்புவதற்குள் பக்கத்துவீட்டு மரியம்மாள் சேதி கொண்டுவந்தாள்.

"சபியாக்கா, ஒங்க பையன் அதே சட்டைகளையே மாத்தி மாத்திப் போடுறாராம். கடை நொடிச்சிருச்சோன்னு மைமூன் கேக்குறாக."

சபியா மாடிக் கொடியை அண்ணாந்து பார்த்தாள். "ஒங்க வீட்டுச் சட்டை நாலு குடு மரியம். துவைச்சுக் காயப்போட்டுத் தாரேன்," என்றாள்.

மரியம்மாளுக்குக் கசக்குமா? கணவர் ஞானமுத்துவின் சட்டைகள், மகன் ஆல்பினின் சட்டைகள், விருந்துக்கு வந்து தங்கியிருந்த தம்பியின் சட்டைகள் என்று அழுக்குக் கூடையையே கவிழ்த்துவிட்டாள். சபியா வீட்டுக் கொடியில் இடமில்லாமல் கைப்பிடிச் சுவரிலும் சட்டை காய்ந்தது. அவளுக்கு இடுப்பு விட்டுப்போனாலும் மனசு நிறைந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து மைமூன் வந்து உட்கார்ந்தாள். டீயைக் குடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஒத்தை மகன்னு சொன்னீக லாத்தா. கொடியில ஒரு சட்டை கூடாரம் கணக்கா இருக்கு, ஒண்ணு ஒட்டடைக்குச்சிக்குத் தச்சாப்புல இருக்கு. கடையாளுகள வீட்டுலயே தங்க வச்சிட்டீகளோ? இம்புட்டு ஆம்பளைகளுக்கு எங்க புள்ள துவைச்சுப் போட மாட்டா."

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பெண் போகும். சபியா மானத்தை விட்டாள்.

"யாரும் தங்கல மைமூன். அது மரியம்மாள் வீட்டுச் சட்டை. நாந்தேன் வாங்கித் துவைக்கிறேன்."

மைமூன் டம்ளரைக் கீழே வைத்தாள். கண்ணில் நிஜமாகவே இரக்கம்.

"ஊரார் துணிய வாங்கித் துவைக்கிற அளவுக்கா லாத்தா வந்துட்டீக? ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

அதற்குமேல் சபியா சொன்ன எதுவும் எடுபடவில்லை. மகன் ஆசைப்பட்டுத்தான் நாலு சட்டையோடு இருக்கிறான் என்றதை மைமூன் தெருவில் சொல்லிச் சொல்லி உச்சுக்கொட்டினாள். சம்பந்தம் நின்றது.

ஷைமாவைக் கீழக்கரையில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, அவளும் போய்விட்டாள். தவ்பீக்குக்கு மறுவருடம் நாகமலை புதுக்கோட்டையில் பெண் அமைந்தது. ஷிபா, கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். அவள் வரும்போது மூன்று பீரோ வந்தன. மாடிப்படியில் ஒன்றுகூட ஏறவில்லை. பீரோக்களை வைக்கவே வண்டியூர் பக்கம் வீடு பிடித்துத் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.