நீக்கப்படுகிறது

ராஜாம்பாளின் இடது காது மந்தமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சட்டப்பேரவையில் சுருக்கெழுத்தராக இருபத்தாறு வருட வேலை. உறுப்பினர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் குறித்துக்கொண்டு, பிறகு தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். காது போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நாற்காலியும் போய்விடும். ஆகவே பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே எழுதப் பழகிக்கொண்டாள். அதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. சுருக்கெழுத்தர்களின் மேசை பேரவைத் தலைவரின் ஆசனத்துக்கு நேர் கீழே, உறுப்பினர்களைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தது. அத்தனை பேர் முகமும் தெரியும். தலைவரின் குரல் மட்டும் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்.

இரண்டாயிரத்து ஏழாம் வருடக் கூட்டத்தொடரில் ஒரு வெள்ளிக்கிழமை, கலைவாணன் என்கிற உறுப்பினர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பத்திரிகைகளையும் உள்ளூர் கேபிள் செய்திகளையும் கண்காணிக்க ஒரு குழு வேண்டும். பொய்யாக எழுதினால் அந்தக் குழு விசாரிக்க வேண்டும். மறுப்புப் போடாத பத்திரிகைக்கு அரசு விளம்பரத்தை நிறுத்த வேண்டும் என்பது தீர்மானம்.

அவர் ஏன் கொண்டுவந்தார் என்று அவையில் எல்லாருக்கும் தெரியும். முந்தைய வருடம் ஒரு வாரப் பத்திரிகை அவருடைய மகள் சுமலதா யாரோ ஒரு டிரைவரோடு ஓடிப்போய்விட்டதாகப் படத்தோடு போட்டிருந்தது. அந்தப் பெண் காரைக்காலில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து அந்தப் பத்திரிகை உள்பக்கத்தில் நாலு வரி வருத்தம் தெரிவித்தது.

எதிர்த்துப் பேசியவர்களிடமும் நியாயம் இருந்தது. குழுவை நியமிக்கப்போவது நாம்தான், நம்மைப் பற்றி எழுதுகிறவனை நாமே விசாரிப்பது எந்த ஊர் நீதி என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் அதோடு நிறுத்தாமல், உறுப்பினருக்கு வீட்டுச் சேதி வெளியே வந்துவிட்ட கோபம் என்று சொல்லிச் சிரித்தார்.

கலைவாணன் எழுந்தார். அவர் உதடு துடித்ததை ராஜாம்பாள் பார்த்தாள்.

“வீட்டுச் சேதியா? அதப் படிச்சிட்டு எம்பொண்ணு உயிர விடப் பாத்தா. மூணு நாள் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருந்தேன். இது எங்க வீட்ட விட்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

சொல்லி முடித்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்து உறுப்பினர்கள் எழுந்து சிரித்தவரைப் பார்த்துக் கத்தினார்கள். எதிர்வரிசையும் எழுந்தது. மேலே செய்தியாளர் மாடத்திலும் எல்லாரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த இரைச்சலில் ராஜாம்பாளுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒரு குரல் வந்தது போல இருந்தது. என்ன சொன்னது என்று பிடிபடவில்லை. ‘குறுக்கீடுகள்’ என்று குறித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். பக்கத்து நாற்காலியில் இன்னொரு சுருக்கெழுத்தரான கமலா, அடுத்துத் தான் எழுத வேண்டிய முறைக்குக் காத்திருந்தாள். அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், உனக்குக் கேட்கவில்லையா என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

இடைவேளையில் அத்ரியான் தாழ்வாரத்தில் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். ‘கலங்கரை’ என்ற மாலைப் பத்திரிகையின் நிருபர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள உள்ளூர்க் குடும்பத்தவன். இருபது வருடப் பழக்கம். பேரவை ஊழியர்கள் பத்திரிகைக்காரர்களிடம் அலுவல் பேசக் கூடாது என்பது விதி. அவனும் அதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை.

“அக்கா, அந்தப் பொண்ணு விஷயத்த தலைவர் நீக்கிட்டாரா? மேல ஒரே சத்தம், ஒண்ணுமே கேக்கல. நீக்கியிருந்தா நான் போடக் கூடாது.”

தெரியவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்த மேசையில் உட்காருகிறவளுக்குத் தெரியவில்லை என்றால் பிறகு எதற்கு அந்த மேசை?

“இல்ல தம்பி. ஒண்ணும் நீக்கல” என்றாள்.

அன்று மாலையே ‘கலங்கரை’ முதல் பக்கத்தில் சேதி வந்தது. அத்ரியான் அதைப் பண்போடுதான் எழுதியிருந்தான். பெண்ணின் பெயரைப் போடவில்லை. ஆனால் சின்ன ஊர். வில்லியனூர் சாலை பஸ்ஸில் மூலக்குளத்தில் இருந்த வீட்டுக்குத் திரும்பும்போது முன்சீட்டில் இரண்டு பேர் அந்தப் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு எந்தக் கல்லூரி, எந்த வருடம் என்று பேசிக்கொண்டு வந்தது ராஜாம்பாளின் வலது காதில் விழுந்தது.

திங்கட்கிழமை பேரவைச் செயலர் ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டார். இரைச்சலுக்கு நடுவே தலைவரின் குரல் தெளிவாக இருந்தது: “உறுப்பினர் தம் மகளைப் பற்றிச் சொன்னது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது.” ராஜாம்பாளின் தட்டச்சுப் படியில் அந்த வரி இல்லை. செயலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் கேட்கும் என்று சொல்லித் தன் கையாலேயே திருத்திக்கொண்டார். நீக்கிய வார்த்தையை அச்சிட்ட பத்திரிகைதான் மாட்டிக்கொண்டது. அத்ரியான்மீது உரிமை மீறல் பிரச்சினை எழுப்பப்பட்டு, விசாரணை உரிமைக் குழுவுக்குப் போனது.

அந்த வாரம் பேரவையில் காற்று திசை மாறியது. குழு வேண்டாம் என்று சொன்னவர்களே, இப்படி எழுதினால் கட்டுப்பாடு வேண்டும்தானே என்று பேச ஆரம்பித்தார்கள். சுமலதா கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று கமலா வந்து சொன்னாள்.

உரிமைக் குழுவின் கூட்டத்தில் குறிப்பெடுக்க ராஜாம்பாளையே போட்டார்கள். சின்ன அறை. நீள்வட்ட மேசையைச் சுற்றி ஏழு உறுப்பினர்கள். அத்ரியானை எதிரே நிற்க வைத்துக் கேட்டார்கள். நீக்கப்பட்டதா என்று விசாரித்ததாகவும், இல்லை என்று சொன்னதை நம்பிப் போட்டதாகவும், தவறு தன்னுடையதே என்றும் அவன் சொன்னான். யாரிடம் விசாரித்தாய் என்று கேட்டார்கள். அதைச் சொல்ல மாட்டேன் என்றான். ஒரு உறுப்பினர், பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு நம் சபையின் மரியாதை எங்கே தெரியப்போகிறது, நாளைக்கே விமானம் ஏறிவிடுவார் என்றார். இன்னொருவர் பதினைந்து நாள் சிறைக்குப் பரிந்துரைக்கலாம் என்றார்.

ராஜாம்பாள் அத்தனையையும் எழுதினாள். ‘சொல்ல மாட்டேன்’ என்பதற்குச் சுருக்கெழுத்தில் இரண்டே கோடு. விசாரணை முடியும்வரை அத்ரியான் ஒரு தடவைகூட அவள் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் அவள் ‘கலங்கரை’ அலுவலகத்துக்கே போனாள். அவனுடைய அம்மா கொலெத் அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். ஜெயில் என்ற வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து அந்த அம்மாள், பிரான்சில் துலோன் நகரில் இருக்கும் பெரிய மகனிடம் போய்விடு என்று இவனை நச்சரித்துக்கொண்டிருந்தாள். அத்ரியான் அம்மாவை அனுப்பிவிட்டு வந்தான்.

தன் காது விஷயத்தை ராஜாம்பாள் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அவனிடம்தான். தலைவர் சொன்னது கேட்காமலே நீக்கவில்லை என்று சொல்லிவிட்டேன், என் பெயரைச் சொல்லிவிடு என்று கெஞ்சினாள்.

அவன் நாற்காலியை அவளுடைய வலது பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “உங்க பேர சொல்லிட்டேன்னா நாளைக்கு எவன்க்கா என்கிட்ட வாயத் தெறப்பான்? நான் சொல்ல மாட்டேன்.”

“நானே போய்ச் சொன்னா?”

“அது உங்க இஷ்டம். எனக்காகச் சொல்லாதீங்க. நான் கேட்டேன், அச்சுல போட்டேன். அந்தப் பொண்ணு மொகத்த நெனச்சா எனக்கு ஜெயில் ஒண்ணும் பெருசாத் தெரியல.”

வீட்டுக்குப் போனதும் கணவர் நாராயணசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தோட்டத்துப் பைப்பை மூடிவிட்டு வந்து முழுதாகக் கேட்டார். வேலை போகுமா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். சொல்வதானால் சீக்கிரம் சொல்லிவிடு, நாள் ஆக ஆகச் சொல்வது கடினம் என்று மட்டும் சொன்னார்.

குழு இரண்டாம் முறை கூடியபோது கலைவாணனும் வந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. பரிந்துரையைப் படிக்கலாமா என்று குழுத் தலைவர் கேட்ட நேரத்தில் ராஜாம்பாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். தண்ணீர் வேண்டுமோ என்று நினைத்து ஒருவர் டம்ளரை நகர்த்தினார்.

“அய்யா, அவருக்குச் சொன்னது நான்தான்.”

எழுதுகிறவர்கள் பேசக் கூடாது, உட்காருங்கள் என்றார் குழுத் தலைவர். அவள் உட்காரவில்லை. இடது காது கேட்காதது, பின்னாலிருந்து வந்த குரல் புரியாதது, பக்கத்தில் இருந்தவளிடம் கேட்கக் கூச்சப்பட்டது, தாழ்வாரத்தில் தெரியாது என்று சொல்லாமல் இல்லை என்று சொன்னது என ஒன்றுவிடாமல் சொன்னாள். வேலைக்குப் பயந்து மறைத்தேன், வேறு காரணம் இல்லை என்றாள்.

குழுத் தலைவர் அவள் கீழே வைத்திருந்த பென்சிலைப் பார்த்தார். “இப்ப நீங்க பேசுனத யாரும்மா எழுதறது?” என்றார்.

“நானே எழுதறேன்” என்று சொல்லி உட்கார்ந்தாள். தான் சொன்ன வரிசையிலேயே, ஒரு சொல்லையும் மாற்றாமல் தன் வாக்குமூலத்தைத் தானே குறிப்பேட்டில் எழுதினாள். அவள் எழுதி முடிக்கும்வரை ஏழு பேரும் காத்திருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் கலைவாணன் தாழ்வாரத்தில் தனியாக நின்றார். ராஜாம்பாள் அவர் முன்னால் போய் நின்றாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

அவர் கோபப்படவில்லை. “வேணாம்மா. ஒவ்வொருத்தரா வந்து மன்னிப்பு கேட்டுட்டிருந்தா அவ எப்ப மறக்கறது?” என்றார். படியிறங்கப் போனவர் நின்றார். “வாய விட்டவன் நான். அத யார்கிட்ட போய்ச் சொல்றது?”

அத்ரியானைக் கண்டித்து, முதல் பக்கத்தில் வருத்தம் போடச் சொல்லி விட்டுவிட்டார்கள். அந்தத் தொடர் முழுக்க அவனுக்கு மாடத்தில் அனுமதி இல்லை. ராஜாம்பாளுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. காதுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மேசையிலிருந்து எடுத்துப் பேரவை நூலகத்தில் போட்டார்கள். அவளுடைய நாற்காலியில் கமலா உட்கார்ந்தாள்.

தீர்மானம் மறுபடி விவாதத்துக்கு வந்த அன்று ராஜாம்பாள் நூலகத்தில் இருந்தாள். மறுநாள் கமலா எடுத்த படியை வாங்கிப் படித்தாள். கலைவாணன் அன்று தன் தீர்மானத்தையே திருத்தியிருந்தார். விளம்பரத்தை நிறுத்தும் பகுதியை எடுத்துவிட்டார். பொய்ச் சேதி எந்தப் பக்கத்தில் எந்த அளவில் வந்ததோ, மறுப்பும் அதே பக்கத்தில் அதே அளவில் வர வேண்டும் என்பது மட்டும் போதும் என்றார். விசாரித்துவிட்டு எழுதினவனையும் விசாரிக்காமல் எழுதினவனையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டும் என்று ஒரு மாதம் முன்பு தானே நின்றதாகவும், இப்போது அதற்கு மனம் ஒப்பவில்லை என்றும் பேசியிருந்தார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அது யாருக்கும் பிடிக்கவில்லை. கடுமையான சட்டம் கேட்டவர்கள் இது பல் இல்லாத தீர்மானம் என்றார்கள். எதிர்த்தவர்கள் இன்று அளவைச் சொல்வீர்கள், நாளை எழுத்தையே சொல்வீர்கள் என்றார்கள். வாக்கெடுப்பில் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. ‘உறுப்பினர் அமர்ந்தார்’ என்று படியில் இருந்தது.

ஜூன் மாதம் ஒரு காலையில் கலைவாணன் பழைய விவாதத் தொகுதி ஒன்றைத் தேடிக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். வருடத்தைச் சொல்லிவிட்டு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவராகவே, சுமலதா காரைக்காலில் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்றார்.

“நல்லதுங்க” என்றாள் ராஜாம்பாள். அவர் கேட்ட தொகுதி மேல் தட்டில் இருந்தது. ஏணியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினாள்.